இரண்டாவது பை

பாஸ்கல் மச்சான் இரண்டு பைகளோடு பூசணிக்காய்க் குவியலுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்ததும் சிலுவைக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்தால் பாதி ஊர் நகராட்சிப் பூங்காவில்தான் இருக்கும். விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரிகள் விடியுமுன்னே வந்து, வேப்பமரங்களுக்குக் கீழே சாக்கை விரித்துக் கத்தரிக்காயும் மிளகாய் வற்றலும் கொட்டிவிடுவார்கள். வாரம் முழுக்க மீனைத் தின்று அலுத்த கடற்கரைக்காரர்கள் பச்சைக் காயைக் கண்டால் விடமாட்டார்கள்.

மச்சான் என்றால் சிலுவைக்கு உயிர். மச்சானின் உயிரும் சிலுவை கையில்தான் இருந்தது.

பாஸ்கல் சங்கு குளிக்கிறவன். புதுத் துறைமுகம் திறந்து, கூட்டாளிகள் பலர் கப்பல் வேலைக்குப் போன பிறகும் கடலடியை விடாதவன். அவன் இடுப்புக் கயிற்றின் மறுநுனியை வள்ளத்திலிருந்து பிடிப்பது சிலுவை. கயிறு அசைந்த கணமே இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மேலே வருவது பிணம்தான்.

அதனால் கயிற்றை மனைவியின் தம்பி, அண்ணன் கையில்தான் கொடுப்பார்கள். கூடப் பிறந்தவளின் தாலியை அறுக்க எவன் துணிவான்?

அக்கா ஹில்டாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. மாதாவுக்கு அவள் நேராத நேர்ச்சை இல்லை. அதற்காக அக்காவை ஒரு சொல் கடிந்து பேசாத மனுஷன் என்று மச்சானைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடிப்பான் சிலுவை.

காய்க்காரி பேச்சித்தாய் இரண்டு பையிலும் ஒன்றுபோலப் போட்டாள். பாதிப் பூசணி இதில், பாதி அதில். கத்தரிக்காயும் அப்படியே. வாராவாரம் பழகிய கை.

இரண்டாவது பையின் மேலே, ஓலையில் முடைந்த கிலுகிலுப்பை ஒன்று இருந்தது.

சிலுவையின் மகளுக்குப் பத்து மாதம்.

"என்ன மச்சான், நம்ம புள்ளைக்கா?" என்று பின்னாலிருந்து பையில் கை வைத்தான்.

பாஸ்கல் வெடுக்கென்று இழுத்தான். கிலுகிலுப்பை குலுங்கியது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எட்டு ஆள் ஆழத்தில் மூச்சடக்கத் தெரிந்தவனுக்குத் தரையில் ஒரு பொய் சொல்ல வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. பார்வை சிலுவையின் முகத்துக்கு ஏறாமல், கயிறு உரசிக் காய்த்துப்போன உள்ளங்கையிலேயே நின்றது.

"ஏலே சிலுவை... நாளைக்குக் கயித்த நம்ம வள்ளத்து ஹென்றி பிடிக்கட்டும்லே."

தன் வேலையில் என்ன பிசகு என்றுதான் சிலுவை முதலில் யோசித்தான். ஒருநாள்கூடப் பிந்தி இழுத்ததில்லையே.

பிறகு கிலுகிலுப்பையைப் பார்த்தான். இரண்டு பாதிப் பூசணியையும் பார்த்தான். ஒரே பூசணி, இரண்டு வீட்டு அடுப்புக்கு.

அக்காவின் பையை மட்டும் மச்சானிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"கயிறு நாந்தான் பிடிப்பேன், மச்சான். நேரமே வந்திருங்க."

ஆறுதலாகத்தான் சொல்ல நினைத்தான். வெளியே வந்த குரலைக் கேட்டு அவனுக்கே பயமாக இருந்தது.