நீல மூடிக் கேன்

"யாரு இதுல போர் தண்ணிய ஊத்துனது?"

இஷ்ரத் போட்ட சத்தத்தில், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஜுபைதா பீவி கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். மேலப்பாளையம் வீட்டின் பின்னறையில், கம்ப்யூட்டர் மேசை முன்னால் மகள் நின்றாள். ஒரு கையில் நீல மூடி போட்ட வெள்ளைக் கேன், இன்னொரு கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர்.

"பாருங்க உம்மா, எண்ணூத்திப் பத்து காட்டுது. நான் வாங்கும்போது வெறும் ரெண்டு!"

"எனக்கு என்னத்தட்டி தெரியும் ரெண்டும் பத்தும்?"

"உப்பு, உம்மா. தண்ணியில அம்புட்டு உப்பு."

மூன்று மாதத் திட்டம். கட்டட வரைபடங்களை நிஜ வீடு போல் படமாக்கித் தரும் வேலைக்கு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு சென்னைக் கம்பெனி அவளை எடுத்திருந்தது. ஆனால் நெல்லை வெயிலில் கம்ப்யூட்டர் கால் மணி நேரத்தில் கொதித்து அணைந்துபோனது.

உள்ளே தண்ணீர் ஓட்டிக் குளிரவைப்பது என்று முடிவு செய்தாள். பம்பு எங்கே, தொட்டி எங்கே, ரேடியேட்டர் எங்கே, எந்தக் குழாய் எப்படி வளைய வேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க வரைந்தாள். உப்பில்லாத பேட்டரித் தண்ணீரைக்கூட வண்ணார்பேட்டை பேட்டரிக் கடையில் மீட்டரை முக்கிப் பார்த்துத்தான் வாங்கினாள். "என்ன தாயி, தண்ணிக்குக் காய்ச்சலா பாக்கீய?" என்று கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். சிரிக்கட்டும். உப்புத் தண்ணீர் ஓடினால் உள்ளே இருக்கும் செம்புத் தகட்டின் மயிரிழைப் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை தண்ணீரை ஊற்றி, ஒழுகுகிறதா என்று பார்க்கப் பம்பை மட்டும் ஓடவிட்டாள். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம். ஒரு நாள் முழுக்க ஓடியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் ஊற்றும்போது கறுப்பு மேசையில் சிந்திய துளி, காய்ந்து வெள்ளை வட்டமாக நின்றது. சுத்தத் தண்ணீர் காய்ந்தால் தடம் இருக்காது.

"காக்கா! இங்கன வாங்க!"

அண்ணன் இர்ஷாத் வாசலில் வந்து நின்றான். துபாயில் வேலை, உம்ரா யாத்திரையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து பத்து நாள். வந்த நாளிலிருந்து அவன் சொன்னதுதான் வீட்டில் சட்டம். மக்காவிலிருந்து ஜித்தா வழியாகக் கொண்டுவந்த புனித ஸம்ஸம் ஊற்றுத் தண்ணீரை, கால் படாத உயரத்திலிருந்து தானே இறக்கி, குட்டிக் குப்பிகளில் அடைத்து, பேரீச்சம்பழத்தோடு நாற்பது வீட்டுக்குக் கொடுத்தான். "நான் முன்ன குடிச்சது இப்படி இல்லியே தம்பி, இது சப்புன்னுல்லா இருக்கு" என்று நஃபீஸத் மாமி சொல்லிவிட்டாள். "ஈமான் இல்லாத நாக்குக்கு ருசி எங்கன தெரியும்?" என்று அவள் இறைநம்பிக்கையையே குறைசொல்லி அத்தனை பேர் முன்னால் கேட்டான். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

இஷ்ரத்துக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டரை விற்றுவிடுவான்; வேலையும் கிடையாது. இன்று வியாழன்.

"என்னட்டி, தெருவுக்கே கேக்க மாதிரி கத்துத?"

"என் கேன்ல போர் தண்ணிய ஊத்துனது நீங்கதான?"

"எனக்கு வேற சோலி இல்ல பாரு."

"இது ஓடக் கூடாதுன்னு இந்த வீட்டுல நெனைக்கது நீங்க ஒரு ஆளுதான்!"

"அல்லாஹ் மேல ஆணையா நான் தொடல. பி.இ. படிச்சுட்டா கூடப்பொறந்தவன் கள்ளனா தெரியுதானா?"

"நீங்க பத்தாவதோட நின்னதுக்கு நான் என்ன செய்ய?"

"ஏ புள்ள, வாய அடக்கு!" என்ற ஜுபைதா பீவிக்கு அடுப்படியில் பூனைச் சத்தம் கேட்டது. மீனைக் காப்பாற்ற ஓடினாள்.

இஷ்ரத் விடவில்லை. "புள்ளைங்க கை படக் கூடாதுன்னு பீரோ மேல வச்சேன். அதையும் எடுத்துக் கொட்டிட்டு, போர் தண்ணிய ரொப்பி வச்சா எனக்குத் தெரியாதாக்கும்?"

"பீரோ மேலயா?"

"ஆமா. நேத்து எடுக்கப் போனா அங்கன இருந்தது இந்த ஒத்தக் கேன்தான்."

இர்ஷாத் அவள் கையிலிருந்த கேனின் நீல மூடியை உற்றுப் பார்த்தான்.

"இது எனக்கு ஆவாது. சாக்கடையில கொட்டிட்டு வேற வாங்கிட்டு வாரேன்." அவள் கேனைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு நடந்தாள்.

"ஏ, கொட்டாத!"

அவன் பாய்ந்து வந்து கேனைப் பிடுங்கினான். மூடியை இறுக்கித் திருகி, தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தான். கேனைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தினான்.

"கம்ப்யூட்டரு இங்கனயே இருக்கட்டும். நீ வேலைக்குச் சேரு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"என்ன திடீர்னு? அப்ப நீங்கதான் ஊத்துனீய!"

"பைய பேசுட்டி. அடியில என் பேரு இருக்கு. ஜித்தாவுல பிளைட்டு ஏத்தும்போது நான் எழுதுனது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேசையில் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. இர்ஷாத் அந்தக் குழாய்களைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்:

"நாப்பது வீட்டுக்கும் நான் குடுத்தது உன் பேட்டரி தண்ணியத்தான்."