ஒரு ஸ்பூன் சர்க்கரை

ஆடைத் தொழிற்சாலையின் தையல் லைனில் இந்த மாதம் இது ஐந்தாவது ஆள். காலர் தைக்கிறவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் நெளிவதைப் பார்த்ததுமே சூப்பர்வைசர் அக்காவுக்குத் திக்கென்றது.

"நீர் போகும்போது எரியுதா?"

"நெருப்பா எரியுதுக்கா."

அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். லைன் பெண்களுக்காகத் தன் கைக்காசைப் போட்டு வாங்கி வைத்திருந்தது. ஒரு ஸ்பூன் வெள்ளைப் பொடியைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள்.

"என்ன மருந்துக்கா?"

"மருந்தில்லடி. பழத்துல இருக்கிற ஒரு சர்க்கரை. மானோஸ்னு பேரு. எரிச்சல் குறையும்னு சொல்றாங்க."

"சர்க்கரையா? இதைக் குடிச்சு எனக்குச் சர்க்கரை வந்துடாதே?"

அக்கா சிரித்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. கூடப் பிறந்தவர்களைப் போலத்தான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அப்படியும் ஒருத்தி மாற்றி ஒருத்திக்கு வருகிறதே, கோளாறு எங்கே? தண்ணீரிலா, சாப்பாட்டிலா?

"காய்ச்சல் அடிச்சா உடனே டாக்டர்கிட்ட போயிடணும். தண்ணி நிறைய குடி. முக்கியமா, வந்தா அடக்கவே கூடாது. புரியுதா?"

காலர்க்காரி தம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தாள். எழுந்து, தயங்கி, கையை நீட்டினாள்.

"அப்போ அந்தச் சாவியைக் குடுங்கக்கா."

அக்காவின் கை தானாகவே போய், இடுப்பில் தொங்கிய கழிவறைச் சாவியைப் பொத்திக்கொண்டது.

"காலையில ஒரு தடவை போயிட்டியேடி! இனிமே சாப்பாட்டு மணி அடிச்சப்புறம்தான்."