டாக்டரின் கைப்பட்டை

டாக்டர் பெர்சிஸ் நாகர்கோவில் வீட்டில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு கையை அசைத்தால், எல்லையிலுள்ள மருத்துவக் கூடாரத்தில் இயந்திரக் கையும் அப்படியே அசையும்; பேசினால் அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும். சிப்பாய் தாணுமூர்த்தியின் தோளிலிருந்து குண்டை எடுத்தது அப்படித்தான்.

“டாக்டர், தாணுமூர்த்தி நாலு நாளா சோத்தத் தொட மாட்டேங்கிறாரு,” என்றார் கூடாரத்து நர்ஸ் ஞானசுந்தரி.

“நாளைக்குப் பாப்போம்,” என்று எழுந்த டாக்டர், பட்டையைக் கழற்ற மறந்து மகளுக்குச் சோறூட்டப் போனார்.

கூடாரத்தில் இயந்திரக் கை காற்றைப் பிசைந்தது. ஒலிபெருக்கி அதட்டியது: “வாயத் தொற. இல்லன்னா ஊசி போட்டுருவேன்.”

குண்டுக்கு அஞ்சாத தாணுமூர்த்தி வாயைத் திறந்தார். நர்ஸ் சட்டென்று சோற்றுக் கிண்ணத்தை இயந்திர விரல்களுக்கு அடியில் நீட்டினார். கிண்ணம் காலியானது.

மறுநாள் டாக்டர் பட்டையை மாட்டியதும் நர்ஸ் தயங்கினார்.

“இங்க படுத்திருக்கிற மத்த ஆறு சிப்பாய்ங்களும் காலைலேருந்து சாப்பிடல டாக்டர். அந்தக் கைதான் ஊட்டணுமாம். பாப்பா எத்தன மணிக்குச் சாப்பிடும்?”