மூன்றாவது ஊசி

பக்கத்துக் கதிரையில் யாரும் இல்லை. ஆனாலும் தோமஸ் தன் தண்ணீர்ப் போத்தலை அதில் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கிளினிக் வரிசை மெல்ல நகர்ந்தது. இன்று கேட்டே தீருவது என்று முதல் பஸ்ஸில் ஏறி வந்தவர் அவர்.

போன வருடம் மாதா கோயில் பெருநாளையொட்டி நடந்த முகாமில் இரத்தம் கொடுத்தார். சில வாரங்களில் தொலைபேசியில் கூப்பிட்டு, ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது என்றார்கள். கடலோடு மல்லுக்கட்டிய உடம்பு. ஒரு நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. அது ஈரலில் சத்தமில்லாமல் கிடக்கும் என்றார் டொக்டர்.

டொக்டர் அவரை இருத்தி வைத்து ஆறுதலாகச் சொன்னார். ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் தொற்றாது, கட்டிப்பிடித்தாலும் தொற்றாது. இரத்தத்தால் வரும், புருசன் பெண்சாதி உறவால் வரும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். சவர அலகையும் பல் பிரஷையும் வேறாக வைத்துக்கொண்டால் சரி. அவருக்கு இனித் தடுப்பூசியால் பயனில்லை, இடைக்கிடை வந்து ஈரலைச் சோதித்தால் போதும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இரத்தம் பார்த்து, கிருமி இல்லையென்றால் மூன்று தடவை ஊசி போட வேண்டும்.

தோமஸ் அதை ஒரு சொல் விடாமல் மனைவி புனிதமலரிடம் ஒப்புவித்தார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அன்று மாலை வலை வைக்கும் கொட்டிலைக் கூட்டி, அவருடைய பாயை அங்கே கொண்டுபோய் விரித்தாள்.

ஊசி போட்டு முடியுமட்டும்தான் என்றாள்.

அவர் குறை நினைக்கவில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை. மகள் கிருசாந்தினி கலியாண வயதில் நிற்கிற பிள்ளை.

ஊருக்குத் தெரியாது. வலை களவு போகிறது, அதுதான் மனிசன் காவல் படுக்கிறார் என்று புனிதமலர் சொல்லிவைத்திருந்தாள்.

சோறு கொட்டில் வாசலுக்கு வரும். கிருசாந்தினி வைத்துவிட்டு, தள்ளி நின்று, சாப்பிடச் சொல்லுவாள். அவர் குனிந்து எடுத்து நிமிரும்போது வீட்டுப் படியேறியிருப்பாள்.

உள்ளே டிவி ஓடும். தாயும் மகளும் எதற்கோ சிரிப்பார்கள். எதற்கென்று தெரியாமலே அவரும் கொஞ்சம் சிரித்துப் பார்ப்பார்.

ஊசி என்னமாதிரி என்று கேட்டால், மருந்து இன்னும் வரவில்லையாம் என்பாள் புனிதமலர். சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்றும் தொடங்கிவிட்டது. மருந்து வரவில்லை.

இனி நத்தார், யேசு பாலன் பிறந்த பெருநாள், வருகிறது. அந்த ஒரு நாளாவது வீட்டுக்குள் மேசையில் இருந்து சாப்பிட அவருக்கு ஆசை.

அவரைக் கூப்பிட்ட தாதி அருந்ததி சின்னப் பெண். சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரஷர் பார்க்க அவருடைய கையைப் பிடித்தாள். கையுறை போடாத வெறுங்கை. தோமஸ் இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

இன்னொருவரின் கைச்சூடு எப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். அவள் பிடியை எடுக்கும்வரை கையை அசைக்கவில்லை. பிறகு கேட்டார்.

“பிள்ளை, என்ர மனிசிக்கும் மகளுக்கும் போடுற ஊசி எப்ப வரும்? நத்தாருக்கு முதல் ஒரு ஊசியெண்டாலும் போட ஏலாதோ?”

அருந்ததி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, அவை ரெண்டு பேரும் மூண்டு ஊசியும் போட்டு முடிச்சிட்டினமே. நான்தானே போட்டுவிட்டனான். கடைசி ஊசி ஆவணியில. இனி ஒரு பயமுமில்லை, ஐயாவோட வழமைமாதிரி இருங்கோ எண்டும் சொல்லிவிட்டனான். உங்களுக்குச் சொல்லேல்லையே?”

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. தோமஸ் நிலத்தைப் பார்த்தார்.

“சொன்னவை பிள்ளை, சொன்னவை. எனக்குத்தான் வயசுபோய் மறதி.”

அருந்ததி பிரஷர் பட்டையைச் சுருட்டி வைத்தாள். வெளியே அடுத்தவர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

தோமஸ் எழும்பவில்லை. மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“கிருசாந்தினிக்குச் சின்னனில இருந்தே ஊசியெண்டால் சரியான பயம். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் போடுவிப்பாள். அழுதவளோ, பிள்ளை?”