பச்சைத் துணிப் புருஷன்

ராமலெட்சுமி புருஷனின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்படியே நடந்து, சோபாவைப் பிளந்து, ஃப்ரிட்ஜுக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தாள்.

“கட். ஏம்மா, கண்ண எங்கன வச்சிருக்க?” என்று மானிட்டர் முன்னாலிருந்து எழுந்து வந்தான் நாகநாதன். ராமநாதபுரத்துக் கேபிள் டிவிக்காரன்; நாடகத்தை எழுதி எடுப்பதும் அவன்தான். காலையிலிருந்து அவனுக்கு இருந்த சூட்டில் ஓர் உலை சோறு வடித்திருக்கலாம்.

உண்மையில் அங்கே புருஷனும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை. பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகைக்குள் சுவர் முழுக்கப் பச்சைத் துணி, அவ்வளவுதான். வீடும் சாமானும் மதுரைக்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரில் இருந்தன. புருஷனாக நடித்தவரைப் போன வாரமே தனியாகப் படம் பிடித்து அனுப்பியாயிற்று. எல்லாம் மானிட்டரில் ஒன்றாகச் சேர்ந்தன. ராமலெட்சுமிதான் சேரமாட்டேன் என்றாள்.

மறுநாள் 2007 தீபாவளி. ‘மாவட்டத்தின் முதல் கம்ப்யூட்டர் நாடகம், மாலை ஏழு மணிக்கு’ என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சாயல்குடி வரைக்கும் கத்தியிருந்தான். பாக்கி, பெண்டாட்டி வருகிற இந்த ஒரே சண்டைக் காட்சி. சாயங்காலம் மதுரைக்காரர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் நாடகம் கிடையாது. அப்புறம் நாகநாதன் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டவும் முடியாது.

சொல்லிக்கொடுக்காமலும் இல்லை. மேசை இருக்குமிடத்தில் தரையில் பச்சை டேப், புருஷன் முகம் இருக்குமிடத்தில் ஒரு கம்பு. கம்பைப் பார்த்துத் திட்டு, அது பதில் சொல்ல நேரம் கொடு, மறுபடி திட்டு என்று அவனே பெண்டாட்டியாகி நடித்துக் காட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

“எதுத்தாப்புல ஆளு இருந்தாக் கோவம் வரும் சார். கம்பப் பாத்தா எப்புடி வரும்?” என்றாள் ராமலெட்சுமி. அதற்கு அவன் கத்திய கத்தலில், மேக்கப்பைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அந்தக் கோபம் மட்டும் அவளுக்கு நன்றாகவே வந்தது.

மிச்சமிருந்த ஒரே பெண்பிள்ளை, மூலையில் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த தையல்காரி சண்முகவள்ளி. வந்து நாலு நாளாகப் பேச்சுக்குப் பேச்சு ‘எங்க வீட்டுக்காரரு’தான். அவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, அவருக்குச் சத்தமாகப் பேசினால் பிடிக்காது. நடிக்கிறாயா என்று கேட்டதற்கும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள். அவள் செல்போன் தையல் மெஷின் மேலேயே கிடந்தது.

இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்து, “சரின்னுட்டாரு” என்றாள். தெருவில் யார் நிற்கிறார் என்று எட்டிப் பார்க்கிற பொறுமை நாகநாதனுக்கு அப்போது இல்லை.

கேமரா ஓடியது. சண்முகவள்ளி, அங்கே இல்லாத மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்புக்கு எதிரே நின்றாள்.

“நான் பேசுறது காதுல விழுகுதா இல்லையா?”

கொஞ்சம் பொறுத்தாள். பதில் வந்து சேர்ந்ததுபோல முகம் சிவந்தது. “போதும். நல்ல நாளு பெரிய நாளுன்னா ஒங்களுக்கு இதே சாக்கு.”

நாகநாதன் எழுதாத வசனம். தடுக்க எழுந்தவன், கேமரா ஓடட்டும் என்று கையைக் காட்டினான். அவள் ஓங்கி அடித்த கை, இல்லாத மேசையின் மட்டத்தில் சரியாக நின்றது. ஃப்ரிட்ஜ் கதவை அவள் அறைந்து சாத்தியபோது மதுரைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஒரே டேக். காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த நாகநாதன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

“ஏத்தா வள்ளி, ஆளே இல்லாம எப்புடித்தா இம்புட்டுச் சண்டை போடுற?”

அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தாலி கட்டுன எட்டாம் நாளு சவுதிக்குப் போனவருண்ணே, பதினோரு வருசமா எல்லாச் சண்டையும் இப்புடித்தான்.”