பாட்டுக்குப் பொருள்

முதல் வரிசையில் நூலகர் அம்மா வந்து உட்கார்ந்ததைத் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தான் தூதர். இந்தப் பல்கலைக்கழகத்தில் அவனுடைய தாய்மொழிக்காரர் இன்னொருவர் இருக்கிறார் என்பதே அவனுக்குச் சற்று முன்புதான் தெரியும்.

"நல்ல சேதி தம்பி!" என்று பன்மொழி விழாவின் பொறுப்பாளரான பேராசிரியர் ஓடிவந்து முதுகில் தட்டியிருந்தார். "நம்ம லைப்ரரி மேடமும் உங்க ஆளுங்கதானாம். இத்தனை வருஷமா மூச்சு விடல, இன்னைக்குப் பேச்சுவாக்குல வாயை விட்டுட்டாங்க. நீ பாடி முடிச்சதும் மேடையேறி அர்த்தம் சொல்லச் சொல்லியிருக்கேன்."

நல்ல சேதியாம்! தூதருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைக்குக்கூடப் பொருள் தெரியாது.

அந்த மொழிக்கே தூதர் என்று விடுதி நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அது. சேர்ந்த புதிதில் ஆளாளுக்குத் தங்கள் மொழியில் பேசிக் காட்டியபோது, இவன் மட்டும் சும்மா இருப்பானேன் என்று, "எங்க பாஷை தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். நான் அதுல பாட்டே பாடுவேன்" என்று அளந்துவிட்டான். அன்றைக்கு விட்ட சரடு விழா சுவரொட்டி வரைக்கும் நீண்டு, இப்போது கழுத்தை இறுக்கியது.

வீட்டில் அம்மாவும் அப்பாவும் அவனிடம் அந்த மொழியில் பேசியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று பயம். தங்களுக்குள் சண்டை வந்தால் மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதில் பொரிந்து தள்ளுவார்கள். ஒரு பாட்டு சொல்லித்தரச் சொல்லி போன வாரம் போன் செய்தால், "அதெல்லாம் எதுக்குடா? போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

வேறு வழி தெரியாமல், சின்ன வயதில் கதவுக்கு வெளியே நின்று கேட்ட அந்தச் சத்தங்களையே கோத்து, ஒரு மெட்டில் போட்டு, பாட்டு என்று பெயர் வைத்திருந்தான். நேற்று வரை அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது பெற்றவர்களின் சண்டையை நடுத்தெருவில் கொண்டுபோய் வைக்கப் போவதைப் போல உடம்பு கூசியது.

சேதி சொன்ன கையோடு பேராசிரியர் அரங்க வாசலில் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, "பேசுங்க, உங்க பாஷையில ஏதாவது பேசுங்க, காது குளிரக் கேக்கிறேன்" என்று வேறு வேடிக்கை பார்த்தார். தூதர் தரையைப் பார்த்தான். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாயிடுச்சு சார், பையன் தயாராகட்டும்" என்று எல்லோரும் பேசும் மொழியிலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மட்டுக்கும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டவன், இப்போது திரைச்சீலைக்குப் பின்னால் மறுபடியும் மாட்டிக்கொண்டு நின்றான்.

"அடுத்து, நம்ம தூதர்!" என்றது ஒலிபெருக்கி. விடுதிக் கூட்டம் விசிலடித்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினான். இரண்டாவது அடியில், அப்பா கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன நாள் ஞாபகத்துக்கு வந்து குரல் உடைந்தது. கூட்டம் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே அடங்கிப் போனது. கண்ணைத் திறந்தபோது நூலகர் அம்மாவின் முகம் வெளிறிக் கிடந்தது. என்னென்ன வசவையெல்லாம் பாடித் தொலைத்தோமோ என்று அவனுக்குக் காது மடல் வரை சுட்டது.

கைத்தட்டல் ஓய்வதற்குள் அவர் மெல்ல மேடையேறினார். மைக்கை வாங்கிக்கொண்டார். தன் முகமூடி கிழியப் போகிறது என்று தூதர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"இது ஒரு தாலாட்டு" என்றார் அந்த அம்மா. "மடியில தூங்குற பிள்ளைகிட்ட ஒரு தாய் சொல்றா. நீ வளர்ந்து எவ்வளவு தூரம் வேணாலும் போ. நீ திரும்பி வர்ற வரைக்கும் வாசல் விளக்கை நான் அணைக்க மாட்டேன்னு சொல்றா."

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பேராசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

தூதருக்கு அங்கேயே நின்ற இடத்தில் புதைந்துவிடலாம் போலிருந்தது. மொழி தெரிந்த மனுஷி, அந்த மொழியைக் கேலிக்கூத்தாக்கியவனைக் காட்டிக்கொடுக்காமல் பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஒப்பனை அறையில் அவரைத் தேடிப் போனான். மேசை ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தவர், அவனைக் கண்டதும் எழுந்துவந்து கதவைச் சாத்தினார். கண்கள் சிவந்திருந்தன.

"மேடம், நான்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

நியாயம்தான் என்று தலையைத் தொங்கப்போட்டான். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அந்த அம்மா சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி... அந்தப் பாட்டுக்கு நிஜமா என்ன அர்த்தம்?"