மைனாவின் நேர்முக வர்ணனை

இருபது வருடமாகக் காட்டு வானொலியில் கால்பந்து வர்ணனை சொல்லிப் பிழைத்துவந்தது ஒரு மைனா. பந்து நடுமைதானத்தில் சும்மா கிடந்தாலும், "கோல் வாசலில் பந்து! ஐயோ, மயிரிழையில் தப்பியது!" என்று அலறும். காடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. மைனா பயந்துபோனது. இனி எல்லோரும் கண்ணாலேயே பார்ப்பார்களே, சாயம் வெளுத்தால் வேலை போய்விடுமே! அந்தப் பயத்தில், தொலைக்காட்சியில் வந்த முதல் ஆட்டத்தில் உள்ளதை மட்டும் சொன்னது. "பந்து நடுவில் கிடக்கிறது. கோல்கீப்பர் ஆமை கொட்டாவி விடுகிறார்."

இடைவேளையில் நிலையத் தலைவர் கரடி ஓடிவந்தார். "என்னம்மா இது, இழவு வீட்டில் பேசுகிற மாதிரி? பழையபடி பேசு. இல்லையென்றால் நாளைக்கு வராதே."

"படத்தில்தான் எல்லாம் தெரியுதே, அண்ணே!"

"நீ பேசு, பார்த்துக்கலாம்."

மைனா கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறித் தீர்த்தது. பந்தோ கடைசிவரை நடுக்கோட்டை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மைனா எடுத்தது.

"ஆட்டம் பிரமாதம் அக்கா!" என்றது ஒரு முயல். "எங்கள் வீட்டு டிவிதான் பழுது. நல்ல கட்டம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ரிப்பேருக்கு யாரையாவது அனுப்புவீர்களா?"